வதனி ருசி பார்க்காத தூர்த்

வதனியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பாரிசின் லா சப்பலில் கண்டதில்லை. மெத்ரோக் கதவு அடித்து மூடினால் திடுக்கிடுவாள். கீழே யாராவது மணி அடித்தால் குசினிக்குள் ஓடிவிடுவாள். ஜூலை பதினான்காம் திகதி வாணவேடிக்கை தொடங்கினால் மகளையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, "வெடி முடிஞ்சுதோ அக்கா?" என்று உள்ளே இருந்தே கேட்பாள். நானும் விடாமல் கேலி செய்வேன். என் வாய் அப்படிப்பட்ட வாய். 2009 இல் வன்னியில் சண்டையின் கடைசி நாள் வரைக்கும் இருந்து, சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வெளியே வந்தவள் அவள் என்பது நினைவுக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொள்வேன்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல் முனையில், மரக்கறிக் கடைக்கு மேலே, நாலாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டு அறைகள். ஒன்றில் நானும் என் தையல் மெசினும். மற்றதில் வதனி, புருஷன் தவசீலன், மகள் விதுர்ஷா. குசினி பொது. இத்தனை வருடம் ஒரே குசினியில் சமைத்த எனக்கு அவளைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்று மார்தட்டிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

தவசீலன் முதலில் தனியாகத்தான் பாரிசுக்கு வந்தான். ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினான். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே சண்டை இறுகி, வன்னிக்குப் போன் எடுபடாமல் போய்விட்டது. வேலை முடிந்ததும் ரூ லூயி-பிளாங்கில் இருக்கும் போன் கடைக்கு வந்து எண்ணை அழுத்துவான். வைப்பான். மறுபடி அழுத்துவான். கடைக்காரர் கதவைச் சாத்தியதும் வெளியே நிற்கும் பெடியளோடு சேர்ந்து குடிப்பான். அப்படித்தான் பழகினான். முகாமில் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது அந்தச் சந்தோசத்துக்கும் குடித்தான். அதன் பிறகு அவனுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

2011 இல் வதனியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். குடிக்காத தவசீலன் தங்கமான மனுசன். மகளுக்குத் தலை பின்னிவிடுவான், எனக்கு மாடிப்படியில் சாமான் தூக்கித் தருவான். குடித்த தவசீலன் வேறு ஆள். ஒருநாள் கொதிக்கும் சொதிச் சட்டியைக் காலால் உதைத்தான். அது விதுர்ஷாவின் முழங்கையில் ஊற்றுப்பட்டுத் தோல் உரிந்தது. டாக்குத்தரிடம், சட்டி தவறி விழுந்தது என்று வதனி சொன்னாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்றையிலிருந்து கதவில் திறப்புப் போடும் சத்தம் கேட்டால் போதும், மகளை அடுப்படியிலிருந்து விலக்கி இழுப்பாள்.

வேலைக்குப் போனால் பயம் குறையும் என்று நான்தான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். கார் து லெஸ்ற் ரெயில் நிலையத்துப் பக்கம், அயர்லாந்துக்காரர் பாணியில் நடத்தும் ஒரு பியர்க் கடை. முதலாளி லூசியன், பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு. இளமையில் டப்ளினில் வேலை செய்தவர். அங்கே கற்றுக்கொண்ட இறைச்சித் தூர்த்தான், மேலே மாவு போர்த்தி வேக வைக்கும் இறைச்சிப் பணியாரம், அவருடைய கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. குளிர் காலத்தில் அதைச் சாப்பிட வெளியே ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்.

கோப்பை கழுவப் போனவள் ஒரு வருடத்துக்குள் தூர்த் போடப் பழகிவிட்டாள். மாட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாக வெட்டி, மாவில் புரட்டி, வெண்ணெயில் நாலு பக்கமும் கருஞ்சிவப்பாக வறுத்து எடுக்க வேண்டும். அதே சட்டியில் வெங்காயம், கரட், காளான். பிறகு இறைச்சியைத் திரும்பப் போட்டுக் கறுப்பு பியரை ஊற்றினால் நுரை விளிம்புவரை பொங்கி வந்து அடங்கும். அடுப்பைக் குறைத்து, இறைச்சி நார் நாராகக் கழலும்வரை மூன்று மணித்தியாலம் வேக விடுவது. இறக்கும்போது இன்னும் ஒரு குவளை பியர், காய்ச்சாமல் அப்படியே, மணத்துக்காக. ஆறியதும் தட்டத்தில் நிரப்பி, மேலே மாவைப் போர்த்தி, முட்டை பூசி, ஆவி போக நடுவில் ஒரு துவாரம் விட்டுப் போறணை அடுப்புக்குள் தள்ளுவது. இதற்குள் அவள் வறுத்த மிளகையும் கொஞ்சம் இடித்துப் போட்டாள். லூசியன் வாயில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

மாட்டிறைச்சி தின்னமாட்டாள், பியர் குடிக்கமாட்டாள். உப்புப் பார்ப்பது எல்லாம் லூசியன்தான். "ரெண்டு பாவத்தையும் ஒரே சட்டியிலை போட்டு அவிக்கிறாய்" என்று நான் நக்கலடிப்பேன். அவள் சிரிப்பாள். ஆனால் கடையை விட்டு வெளிக்கிடுமுன் தேசிக்காயால் கையைத் தேய்த்துக் கழுவி, உடுப்பு மாற்றித்தான் வருவாள். தன் மேலிலிருந்து வரும் பியர் மணம் புருஷனைக் கிளப்பிவிடும் என்று அவளுக்குப் பயம். அந்தத் தூர்த்தில் ஒரு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கும் பிறகுதான் தெரியும். கோயிலில் பழகிய ஒருத்தி இந்தியாவுக்குப் போய் வரும்போது ஒரு குளிசைப் போத்தல் கொண்டுவந்து வதனியிடம் கொடுத்திருக்கிறாள். குடியை நிறுத்தும் குளிசை. இதைச் சாப்பிட்டவன் ஒரு வாய் குடித்தாலும் உடம்பு கொதித்து, நெஞ்சு அடித்து, சத்தி எடுத்து விழுவான். டாக்குத்தர் பார்த்து, குடிப்பவன் சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது. "சொன்னால் எந்த ஆம்பிளை குடிப்பான்? நீ தேத்தண்ணிக்குள்ளை போடு. மணமும் இல்லை, ருசியும் இல்லை" என்று அந்தப் புண்ணியவதி சொல்லியிருக்கிறாள். இவளும் ஒவ்வொரு காலையும் கரண்டிக் காம்பால் அரைத்துப் புருஷனின் பால் தேத்தண்ணிக்குள் போட்டாள்.

அது பிள்ளையார் கோயில் தேர் முடிந்த கையோடு. அந்த வருடத் தேரில்தான் தவசீலன், "இனிக் குடிக்கமாட்டன்" என்று பிள்ளையாருக்கு நேர்ந்து, வீதியில் தேங்காய் உடைத்தான். மூன்று கிழமை தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு சம்பள நாள் ஒரு ரின் பியர் குடித்துவிட்டு வந்தவன், மிளகாய்ப்பழம் போல முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கழிவறையில் கவிழ்ந்து கிடந்தான். எழுந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "பிள்ளையார் அடிச்சுப்போட்டார்."

அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. மாதங்கள் போயின. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். "அக்கா, மனம் வைச்சால் எதையும் விடலாம்" என்று எனக்கே புத்தி சொன்னான். தெருவில் பழைய கூட்டாளிகளைக் கண்டால் நின்று அறிவுரை. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விதுர்ஷா தகப்பனோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கத் தொடங்கினாள். அதுவே பெரிய செல்லம், முந்தி அவனைக் கண்டால் பேசமாட்டாள்.

வதனிக்கு மட்டும் பயம் கூடிக்கொண்டு போனது. அவனுக்கு வேறு யாரும் தேத்தண்ணி போடக் கூடாது. ஒருநாள் நான் கேத்தலை எடுத்தேன், கையால் தட்டிவிட்டாள். "என்னடி, மனுசனுக்கு வசியம் கிசியம் போடுறியோ?" என்றேன். பேயறைந்தவள் போல நின்றாள். நான் அதையும் கேலியாகவே எடுத்துக்கொண்டு போனேன்.

2018 மாசி மாதம், நல்ல குளிர். தவசீலன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். "பாரிஸ் முழுக்க உன்ரை கையாலை தூர்த் தின்னுது. எனக்கு மட்டும் இல்லையோ?"

"அது மாடு" என்றாள் வதனி.

"ஆட்டிலை போடன். ஆடு என்ன கோவிக்கவோ போகுது?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு புருஷன் ஆசையாக ஒன்று கேட்கிறான். அவளால் மறுக்க முடியவில்லை. பியர் போடாமல் செய்வது என்று முடிவு கட்டினாள். எங்கள் குசினியில் ஒரு அடுப்பை மூன்று மணித்தியாலம் பிடித்து வைக்க இடமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை கடையிலேயே, தன் வேலைக்கு நடுவே, ஒரு சின்னச் சட்டியில் ஆட்டிறைச்சியை ஏற்றினாள். பியருக்குப் பதிலாகக் கடும் சாயத் தேத்தண்ணியும் கருக்கிய சீனியும். நிறம் அச்சொட்டாக வந்தது. உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குப் போய் வந்து, அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் விரல் நுனியில் தொட்டுக்கூட ருசி பார்க்கவில்லை.

சனி மத்தியானம் மாவு போர்த்திப் போறணையில் வைத்தாள். வீடெல்லாம் வெண்ணெய் மணம். என்னையும் கூப்பிட்டாள். வழக்கம்போல முதலில் புருஷனுக்கு, பிறகு மகளுக்கு, எனக்கு. தான் கடைசி. தவசீலன் மேல் மாவை உடைத்ததும் ஆவி எழும்பியது. ஒரு வாய் வைத்தான், கண்ணை மூடினான். "லேசாக் கைக்குது. ஆனா கையை எடுக்க ஏலாமல் கிடக்கு" என்றான்.

"சாயத் தேத்தண்ணி" என்றாள் வதனி. பெருமையாகச் சொன்னாள்.

இரண்டாவது துண்டை அவனே வெட்டினான். அதைப் பாதி தின்றிருப்பான். கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது. காது, நெற்றி, கண் எல்லாம் சிவந்தன. கரண்டியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தான். "மூச்சு… மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு." கதிரையோடு சாய்ந்தான். விதுர்ஷா கத்திக்கொண்டே அவசர உதவிக்கு வரும் பொம்பியேக்குப் போன் அடித்தாள். 

அந்த நேரத்தில் தவசீலன் வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நான் குடிக்கேல்லை வதனி. சத்தியமாக் குடிக்கேல்லை. பிள்ளை மேலை ஆணை. ஏன் பிள்ளையார் அடிக்கிறார்?" உயிர் போகிற பயத்திலும், பெண்சாதி தன்னைக் குடிகாரன் என்று நினைத்துவிடுவாளோ என்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். 

வதனி கையை உருவிக்கொண்டு குசினிக்குள் ஓடி லூசியனுக்குப் போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் அவருடைய குரல் எனக்கும் கேட்டது. சந்தோசமான குரல். ஓமாம், அவள் நிலவறைக்குப் போன நேரம் சின்னச் சட்டியை ருசி பார்த்தாராம். ஆஸ்பத்திரிச் சூப் மாதிரி இருந்ததாம். பாவம், மறந்துபோனாள் என்று நினைத்துப் பியரை ஊற்றினாராம், மணத்துக்கு இன்னும் ஒரு குவளையும் சேர்த்து. நன்றாக வந்ததா என்று கேட்டார். வதனி போனை வைத்தாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. பியர் கலந்த கறிக்கு ஒரு மனுசன் இப்படிச் சாகக் கிடப்பானா?

பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வதனி அம்புலன்சில், நானும் விதுர்ஷாவும் நடந்து, ஓட்டமும் நடையுமாக. நாங்கள் போகும்போது அவனுடைய நெஞ்சில் வயர் ஒட்டியிருந்தது. இரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போகிறதாம். ஒரு இளம் டாக்குத்தர் பெண் கேள்வி கேட்டாள். வதனிக்குத் தெரிந்த பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு: மாவு, வெங்காயம், கெதியாக, இன்னும் கெதியாக. எனக்கும் அதே கதி. அதனால் விதுர்ஷாதான் நடுவில் நின்றாள்.

"அப்பா ஏதும் மருந்து எடுக்கிறவரோ எண்டு கேக்கிறா."

"இல்லை" என்றான் தவசீலன், முகமூடிக்குள்ளிருந்து.

"அல்ககோல்?"

"இல்லை! இல்லை எண்டு சொல்லு!"

டாக்குத்தர் மற்றவர்களிடம் ஏதோ வேகமாகச் சொன்னாள். விதுர்ஷா தாயின் பக்கம் திரும்பினாள். "அவையளுக்கு இதயமா அலர்ஜியா எண்டு தெரியேல்லையாம் அம்மா. வேறை ஊசி போடப் போகினமாம்."

நான் வதனியைப் பார்த்தேன்.  அவளுக்கு அப்போது என்னென்ன பயம் என்று பிறகு எனக்குச் சொன்னாள். சொன்னால் நஞ்சு வைத்தவள் என்று பொலிஸ் வரும். விசா போகும். பிள்ளை இனித் தன் முகத்தில் முழிக்கமாட்டாள். அவன் பிழைத்து எழும்பினால் தன்னைக் கொல்லுவான், அல்லது விட்டுவிட்டுப் போவான். சொல்லாவிட்டால் அவன் எழும்பவே மாட்டான். எனக்கு அந்தப் பயந்தாங்கொள்ளியின் மேல் இப்போதும் மரியாதை இருக்கிறதென்றால், அவள் கனநேரம் யோசிக்கவில்லை என்பதால்தான்.

"சொல்லு விதுர்ஷா" என்றாள். "அப்பாக்குத் தெரியாமல் அம்மா தேத்தண்ணிக்குள்ளை குளிசை போட்டனான். குடியை நிப்பாட்டுற குளிசை. ஒவ்வொரு நாளும். இண்டைக்குச் சாப்பாட்டிலை பியர் இருந்தது. அப்பா குடிக்கேல்லை. அவர் சொல்லுறது உண்மை."

"க்வா? என்ன?" என்றாள் பிள்ளை. தாயைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். பதின்மூன்று வயது. பிறகு டாக்குத்தரின் பக்கம் திரும்பி, தன் தாய் தன் தகப்பனுக்கு என்ன செய்தாள் என்பதைத் தன் வாயாலேயே பிரெஞ்சில் சொன்னாள். நானாக இருந்தால் ஓடிப் போயிருப்பேன்.

டாக்குத்தர் வதனியைக் கடுமையாகப் பார்த்தாள், ஆனால் நேரத்தை வீணாக்கவில்லை. எல்லாரும் வேறு மாதிரி ஓடத் தொடங்கினார்கள். தவசீலன் முகமூடிக்கு மேலே கண்ணைத் திறந்து பெண்சாதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது.

பிழைத்துவிட்டான். பொலிஸ் வரவில்லை. ஒருவரைக் கேட்காமல் மருந்து கொடுப்பது குற்றம் என்று டாக்குத்தர் விதுர்ஷாவை விலக்கிவிட்டு, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து வதனிக்குச் சொன்னாள். குளிசையை நிறுத்தினாலும் அது இரண்டு கிழமைவரை உடம்பில் நிற்கும், அதுவரைக்கும் ஒரு சொட்டும் கூடாது என்றாள். குடியை விடுபவர்களுக்கென்று இருக்கும் பிரிவில் அவனைப் பார்க்க நாள் குறித்து ஒரு ரந்தேவு எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவன் ஒரு சத்தமும் போடவில்லை. வதனி போத்தலைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் கழிவறையில் கொட்டித் தண்ணீர் இழுத்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டான்.

"தேர் முடிஞ்ச கிழமை."

அவன் வெறும் போத்தலை எடுத்துப் பார்த்தான். "அப்ப நான் விடேல்லை" என்றான். "நான் விட்டிட்டன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். நான் விடேல்லை."

அந்தச் சொல் வதனியை அறைவதை விட மோசமாகத் தாக்கியது. அவனிடம் இருந்த ஒரே மரியாதையை அவள் அவனுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஆனால் விதுர்ஷாவின் முழங்கைத் தழும்பையும் நான்தானே பார்த்திருக்கிறேன்? யார் பக்கம் நிற்பது? இரண்டு பேரையும் திட்டிவிட்டு என் அறைக்குள் போய் மெசினை மிதித்தேன்.

அவள் சமைத்ததை அவன் தொடவில்லை. பாண் வாங்கி வந்து தின்றான். வதனி லூசியனிடம் லீவு கேட்டு வீட்டில் இருந்தாள். அவர் வாசல்வரை வந்து அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டார். "உங்களில் பிழை இல்லை, நான்தான் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை" என்று விதுர்ஷாவைக் கொண்டு சொல்லுவித்தாள். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அந்த இரண்டு கிழமை முடிந்தால்? இனிக் குளிசையும் இல்லை, பிள்ளையார் அடிப்பார் என்ற நம்பிக்கையும் இல்லை. குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கு இப்போது தெரியும். "பழைய ஆள் திரும்பி வந்தால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கை அக்கா போறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது என்றேன். 

அந்த இரண்டு கிழமைத் தவணை முடிந்த மறுநாள், வேலை முடியும் நேரத்துக்குத் தவசீலன் வரவில்லை. வதனி விதுர்ஷாவை என் அறைக்கு அனுப்பிவிட்டு, குசினியில் அடுப்பில் இருந்த சட்டிகளை எல்லாம் இறக்கி நிலத்தில், சுவரோரமாக வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நானும் அவளோடு நின்றேன்.

கதவு திறந்தது. தவசீலன் குளிரில் வெளிறிப் போய், சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே அவளிடம் வந்தான். அவள் சுவரோடு ஒட்டினாள். அவன் குனிந்து அவள் முகத்தில் மூச்சை விட்டான்.

"மணந்து பார்."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லத் திறந்தாள். "இல்லை" என்றாள்.

"சாராயக்கடை வாசல்லை நிண்டனான். கனநேரம். காசையும் எடுத்திட்டன்" என்றான். "இண்டைக்கு வாங்கேல்லை. நாளைக்குத் தெரியாது. எனக்குப் பயமாக் கிடக்கு வதனி."

அத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. வதனி சட்டிகளுக்கு நடுவே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"எனக்கும்தான்" என்றாள்.

அவனும் சுவரில் சாய்ந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். நான் குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையிடம் போனேன்.